பழைய வீட்டுச் சமையலறை: கெபினட் கடைசியில் வரட்டும்

கேள்வி: தாத்தா வாங்கிய எங்கள் வீடு போருக்கு முன் கட்டியது. பலகைச் சுவர், அஸ்பெஸ்டாஸ் கூரை, சிவப்பு சிமெண்ட் தரை. சமையலறை 8 அடிக்கு 9 அடிதான். கெபினட் போட 14,000 ரிங்கிட் கேட்கிறார்கள். இந்த வாரமே 70 விழுக்காடு கட்டினால் விலை குறைப்பார்களாம். கட்டலாமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. பெரும்பணம் முதலிலேயே போய்விட்டால், வேலை எப்போது முடியும் என்பது அவர்கள் இஷ்டம். 30 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் தராதீர்கள். கடைசித் தவணை, கதவெல்லாம் திறந்து மூடிப் பார்த்த பிறகு.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. திருப்புளியின் பிடியால் பலகைச் சுவரின் அடியைத் தட்டிக்கொண்டே போங்கள். பொத்தென்று சத்தம் கேட்கும் இடத்தில் நுனியால் குத்துங்கள். சதக்கென்று உள்ளே இறங்கினால் அங்கே கறையான். மருந்தடித்து, பலகையை மாற்றி, அப்புறம்தான் கெபினட். அதை முதலில் மாட்டிவிட்டால் பின்னால் நடப்பது கண்ணுக்கே தெரியாது. பழைய ஒயரிங்கையும் எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவரை வைத்து இப்போதே பார்த்துவிடுங்கள்.

கூரையில் துளை போட யாரையும் விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. புகைபோக்கியைச் சுவர் வழியாக விடலாம். கூரை விரிசல் இல்லாமல் இருந்தால் அப்படியே இருக்கட்டும். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய தகடுகளை வீட்டுக் குப்பையோடு போட முடியாது. முறைப்படி அகற்றும் செலவைக் கொட்டேஷனில் தனியாக எழுதச் சொல்லுங்கள்.

கெபினட்டை அடிக்கணக்கில்தான் விற்பார்கள். எல் வடிவத்தில் இரண்டு சுவரையும் முழுசாக அளந்தால், மூலையில் உள்ள 2 அடி இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். அதைக் கழிக்கச் சொல்லுங்கள்.

பலகையின் சாம்பிள் துண்டு ஒன்று கேட்டு வாங்கி, ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை காலையில் ஓரமெல்லாம் ரொட்டிபோல் ஊதியிருக்கும். என் அத்தை வீட்டில் சிங்குக்குக் கீழே போட்டது ஒரே வருடத்தில் அப்படித்தான் ஆனது. பலகைச் சுவர் வீட்டுக்கு அலுமினியமே நல்லது. கறையான் தின்னாது, தண்ணீர் பட்டாலும் ஊதாது. தரையைத் தொடாமல் கால் வைத்துப் போடச் சொல்லுங்கள், அடியில் கூட்டித் துடைக்கலாம். சிவப்புத் தரையின் மேல் டைல்ஸ் வேண்டவே வேண்டாம். மெழுகு போட்டுத் தேய்த்தால் வரும் அந்தப் பளபளப்பு எந்த டைல்ஸிலும் வராது.

அளவு, பொருள், முடிக்கும் தேதி மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பேச்சு மாறினால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 50,000 ரிங்கிட் வரை அங்கே கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுக்குள் மனு போட்டுவிட வேண்டும்.