பால் சேர்க்காத சோர் க்ரீமை வீட்டில் செய்ய முடியுமா? எதில் செய்தால் நன்றாக வரும்?

முடியும். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இரண்டு வருடமாகச் செய்து வருகிறேன். நீங்கள் கேட்டது மூன்று: எதில் செய்வது, எப்படிச் செய்வது, சூடான குழம்பில் விட்டால் திரிந்துபோகிறதே, அதற்கு என்ன வழி. மூன்றாவதில்தான் நானும் முதலில் மாட்டினேன். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் மகள் பெங்களூருக்குப் படிக்கப் போன இடத்தில் வீகன் ஆகிவிட்டாள். பால், தயிர், நெய் எதுவும் கிடையாது. லீவுக்கு வந்தவள் ஒருநாள் டாக்கோ செய்கிறேன் என்று கிளம்பினாள். மக்காச்சோள ரொட்டியை மடித்து, உள்ளே ராஜ்மா, தக்காளி, வெங்காயம் எல்லாம் வைத்து, மேலே ஒரு கரண்டி சோர் க்ரீம். அதைப் பாலில்லாமல் செய்ய வேண்டும். என் அத்தை, அதாவது மாமியார், "அது என்னது?" என்று கேட்டார்கள். "புளிச்ச பாலாடை ஆச்சி, ஆனா பால் இல்லாம" என்றாள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே முருங்கைக்கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்கள்.

நாங்கள் தேங்காய்ப்பாலை அடுப்பில் வைத்துச் சுண்டவிட்டு, கொதிக்கும்போதே எலுமிச்சம்பழம் பிழிந்தோம். கெட்டியாகும் என்று நினைப்பு. ஐந்து நிமிடத்தில் ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் தண்ணீர், நடுவில் திரிதிரியாக வெள்ளை. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, சொதிய அடுப்புல வச்சிக்கிட்டா பழம் பிழிவாக? எறக்கி வச்சில்லா பிழியணும்?" என்றார்கள்.

அவ்வளவுதான் விஷயம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொதியைப் பற்றி இரண்டு வரி. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு எங்கள் பக்கம் வைப்பது. தேங்காயைத் திருகி மூன்று பால் எடுப்போம். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கறி வேகும், பாசிப்பருப்பு சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில்தான் போகும், அதுவும் கொதிக்க விடாமல், லேசாக நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் எலுமிச்சைச் சாறு. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு சிப்ஸும். இருபத்தைந்து வருடமாகச் சொதி வைக்கிற கைக்கு, பெயர் இங்கிலீஷில் இருந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று!

காரணம் சிக்கலானது இல்லை. தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் மிதப்பது. அந்தத் துளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள கொஞ்சம் புரதம். கொதி அந்தப் புரதத்தை இறுக்குகிறது, புளிப்பும் இறுக்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் பிடி விட்டுப்போகிறது, எண்ணெய் பிரிகிறது. ஆகவே சூட்டையும் புளிப்பையும் ஒன்றாகச் சந்திக்க விடாதீர்கள். எந்தச் செய்முறையைப் பார்த்தாலும் இதை மட்டும் முதலில் சரிபாருங்கள்.

சரி, எதில் செய்வது? அதற்கு முன் அசல் என்ன என்று தெரிந்துகொண்டால் நல்லது. சோர் க்ரீம் என்பது பாலேட்டை லாக்டிக் அமில பாக்டீரியாவை வைத்துப் புளிக்க வைத்தது. அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 18 சதவீதம் பால்கொழுப்பு இருக்க வேண்டும். நம் வீட்டுத் தயிரில் மூன்று நான்கு சதவீதம் இருந்தாலே அதிகம். அதனால்தான் சோயா பாலில் எலுமிச்சை விட்டு, இதுதான் சோர் க்ரீம் என்று சொல்கிற செய்முறைகள் எல்லாம் மோர் மாதிரி வருகின்றன. கொழுப்புள்ள பொருளில் செய்தால்தான் நாக்கில் நிற்கும்.

எங்கள் ஊரில் கொழுப்பு என்றால் தேங்காய்தான். ஆனால் எனக்கு முதல் தேர்வு முந்திரி. தேங்காய்க்கு ஒரு குறை உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியில் உருகிவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும்போது வெண்ணெய் மாதிரி அழகாக நிற்கும். சித்திரை மாதத்து மத்தியானம் எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்தால், இலை போட்டு முடிப்பதற்குள் பாயசம் ஆகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறையில் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முந்திரிக்கு அப்படி இல்லை, வெயிலிலும் குழைவாகவே நிற்கும்.

முந்திரியில் செய்வது இப்படி. 100 கிராம் முந்திரி போதும். முழுப் பருப்பு வாங்காதீர்கள், எப்படியும் அரைக்கத்தான் போகிறோம், உடைந்த துண்டில் செலவு குறையும். சாத்தான்குளம், உடன்குடி பக்கத்துத் தேரிக்காட்டில் பனையோடு முந்திரியும் நிற்கும். அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வறுக்காத, உப்புப் போடாத பருப்பாக இருக்க வேண்டும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் மூடி வையுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, மிக்சியின் சின்ன ஜாரில் கால் தேக்கரண்டி உப்பு, ஐந்து மேசைக்கரண்டி ஆறிய தண்ணீர் சேர்த்து அரையுங்கள். நிறுத்தி நிறுத்தி, ஓரத்தை வழித்துவிட்டு, விரலில் எடுத்தால் நறநறப்பே இல்லாத அளவுக்கு. இந்தக் கணக்கில் கொழுப்பு ஏறக்குறைய 20 சதவீதம் வரும், அசலுக்குப் பக்கம்தான். மிக்சி சூடானால் கொஞ்சம் ஆறவிடுங்கள். கடைசியில் ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. புளியங்குடிப் பழமாக இருந்தால் சாறு நிறைய இருக்கும், ஒரு பழமே போதும்.

உடனே வேண்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் சாப்பிட்டுப் பார்த்தால் ஏதோ சாலட்டில் ஊற்றுகிற சாஸ் மாதிரி இருக்கும், சோர் க்ரீம் மாதிரி இருக்காது. எலுமிச்சையின் புளிப்பு சிட்ரிக் அமிலம், பல்லில் ஏறும். தயிரின் புளிப்பு லாக்டிக் அமிலம், மெதுவாக நாக்கின் பின்பக்கம் வரும். இதைச் சரிசெய்ய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. பதில் எங்கள் வீட்டுப் பானையிலேயே இருந்தது: பழைய சோற்று நீராகாரம்.

சோறு புளிப்பதும் லாக்டிக் அமில பாக்டீரியாவால்தான். முதல்நாள் இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றின் தெளிந்த நீரில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, அரைக்கும்போது ஐந்து கரண்டித் தண்ணீரில் இரண்டுக்குப் பதிலாக விடுங்கள். எலுமிச்சையை இப்போது சேர்க்க வேண்டாம். கொதிநீர் ஊற்றிக் கழுவிய கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்காமல் வெளியே வையுங்கள். வெயில் காலத்தில் ஐந்து ஆறு மணி நேரம், ஐப்பசி மழையில் பத்து மணி நேரம்கூட ஆகும். லேசாக உப்பி, தயிர் வாசனை வந்ததும் ஃப்ரிட்ஜுக்குள். பிறகு அரைக் கரண்டி எலுமிச்சை போதும். நீராகாரம் இல்லாத வீட்டில் நான்கைந்து பச்சை மிளகாய்க் காம்பைக் கழுவிப் போடலாம், அதிலும் அந்த பாக்டீரியா இருக்கிறது. கடைத் தயிரை உறைமோராக விட்டுவிட்டு இது வீகன் என்று பரிமாறாதீர்கள். நான் ஒருமுறை பழக்கதோஷத்தில் அப்படிச் செய்து, மகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இன்னொரு தடவை மே மாதத்தில் ராத்திரி முழுக்க வெளியே விட்டுவிட்டேன். காலையில் மூடியைத் திறந்தால் கள்ளுக்கடை வாசனை. கொட்டிவிட்டேன். சிவப்பாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தாலும் அப்படித்தான், மேலே வழித்தெடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்கிற சிக்கனம் இதில் வேண்டாம்.

வெண்ணெய் மணம் இதில் குறைவாகத்தான் இருக்கும். பாலேட்டில் வளர்கிற சில பாக்டீரியா டைஅசிட்டைல் என்ற பொருளை உண்டாக்கும், அந்த மணம் அதனுடையது. அதற்காக வெண்ணெய் எசன்ஸ் வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கவில்லை.

தேங்காயில் செய்ய ஆசையென்றால் முற்றின காயாக எடுத்து, கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர் மட்டும் விட்டு அரைத்து, துணியில் பிழிந்து முதல் பால் எடுங்கள். ஒடுக்கமான பாத்திரத்தில் ஊற்றி ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தால் மேலே ஏடு கட்டியாக மிதக்கும். அதை மட்டும் எடுத்து உப்பு, எலுமிச்சை சேர்த்து அடித்தால் முடிந்தது. கீழே நிற்கிற தண்ணீரைக் குழம்பில் விடலாம். கடையில் விற்கிற 200 மில்லி தேங்காய்ப்பால் பெட்டியிலும் செய்யலாம், ஆனால் சிலவற்றில் ஏடு பிரியாமலிருக்கப் பொருள் சேர்த்திருப்பார்கள், எத்தனை நாள் குளிர வைத்தாலும் பிரியாது.

முந்திரி கட்டுப்படியாகவில்லை என்றால் நிலக்கடலை. கோவில்பட்டி பக்கத்தில் இருந்துகொண்டு கடலையை மறக்கலாமா? ஊறவைத்து, தோலை உரித்து, அரைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாசனை போகாது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் நீராகாரம் விட்டு உறைய வைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டால் கெட்டியாகும். நிறம் கொஞ்சம் மங்கல், கடலை ருசியும் முழுதாகப் போகாது. மோர்க்குழம்புக்கு இதுதான் சரி. முந்திரியில் மோர்க்குழம்பு வைத்தால் திகட்டும். டோஃபு என்கிற சோயா பனீரிலும் செய்கிறவர்கள் உண்டு. மிருதுவான சில்கன் டோஃபு கிடைத்தால் நன்றாக வருமாம், எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை.

கடைப் பொருள் வாங்குவதாக இருந்தால், பச்சைப் புள்ளி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது சைவம் என்பதற்கு மட்டும்தான், பால் இருக்கலாம். சோர் க்ரீம் ருசி என்று போட்ட சிப்ஸ் பாக்கெட்டில் பெரும்பாலும் பால்பவுடர் இருக்கும். கேசினேட், வே என்று எழுதியிருந்தாலும் பால்தான். வீகன் உணவுக்கென்று 2022இல் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தனி விதி கொண்டுவந்தது, அதற்கு வி எழுத்துப் போட்ட பச்சை முத்திரை உண்டு. அதைப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பால் அலர்ஜி என்பதற்காகக் கேட்கிறீர்கள் என்றால், முந்திரிக்கும் கடலைக்கும்கூட அலர்ஜி உள்ளவர்கள் உண்டு, டாக்டரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சமையலில் எப்படி என்றால், முந்திரியில் மாவுச்சத்து இருப்பதால் சூட்டில் அது திரிவதற்குப் பதில் கெட்டியாகும். காளான் குழம்பில் விட்டால் ஒரு கொதிக்குள் இறுகிவிடும், அதனால் வெந்நீர் கொஞ்சம் கலந்து, கடைசி இரண்டு நிமிடத்தில் விடுங்கள். தேங்காய் ஏடு என்றால் இறக்கிய பிறகு, சொதி மாதிரியே. கேக்கில் பால் சோர் க்ரீமுக்குப் பதிலாகப் போடும்போது புளிப்பு குறையக் கூடாது, ஆப்ப சோடா பொங்குவதற்கு அந்த அமிலம் வேண்டும். ஒரு கப்புக்கு அரைத் தேக்கரண்டி சோடா எனக்குச் சரியாக வருகிறது.

டாக்கோ எல்லாம் எப்போதாவதுதான். எங்கள் வீட்டில் இது அதிகம் செலவாவது அடை தோசைக்கும், கிழங்குக்கும். வெளிநாட்டில் சுட்ட உருளைக்கிழங்கின் மேல் சோர் க்ரீம் வைப்பார்கள் அல்லவா, நாங்கள் பொங்கல் சமயத்தில் சிறுகிழங்கை அவித்து, தோல் உரித்து, சூட்டோடு சூடாக இதில் தொட்டுச் சாப்பிட்டோம். மேலே மிளகுத்தூள், பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம். அவித்த பனங்கிழங்குக்கும் தொட்டுப் பார்த்தோம், அது சரிப்படவில்லை, நாரும் க்ரீமும் வாயில் தனித்தனியாக நின்றன. மரவள்ளிக்கிழங்குக்குப் பிரமாதம்.

ஃப்ரிட்ஜில் நான்கைந்து நாள் நிற்கும், ஈரக்கரண்டி போடாமல் இருந்தால். ஆச்சிக்கு மட்டும் இதில் இன்னும் ஒப்புதல் இல்லை. போன வாரம் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, இதுல கொஞ்சம் இஞ்சி வச்சி அரைச்சிருக்கலாம்லா?" என்றார்கள். அரைத்துப் பார்த்தேன். டாக்கோவுக்கு ஆகாது, அடைக்கு அதைவிட நல்ல ஜோடி இல்லை.