திரை மங்கினால் பழுதென்று பொருளா?

கேள்வி: எங்கள் மேசைக் கணினியின் திரை 1920 × 1080 அளவுடையது. விளையாட்டு தடையின்றி ஓட வேண்டுமென்று என் மகன் தெளிவுத்திறனை 1280 × 720 ஆகக் குறைத்தான். இப்போது எழுத்துகள் மங்கி, கண்ணைச் சுருக்கிப் படிக்கிறான். திரை பழுதாகிவிட்டதா?
– வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பழுதில்லை, புதுத் திரைக்காகப் பணம் செலவிட வேண்டாம். உங்கள் திரையின் படப்புள்ளிகள் எண்ணிக்கையில் மாறாதவை. 720 வரிகளை 1080 வரிகளில் நிரப்ப ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரை மடங்காக விரிய வேண்டியிருப்பதாலும், அரைப் புள்ளி என்று ஒன்று திரையில் இல்லாததாலும், பக்கத்து நிறங்கள் கலந்து மங்கல் உண்டாகிறது. விளையாட்டின் அமைப்புகளில் தெளிவுத்திறனை மீண்டும் 1920 × 1080 ஆக்கி, நிழல்களின் தரத்தையும், 'ரெண்டர் ஸ்கேல்' (எழுத்துகளை விட்டு, விளையாட்டுக் காட்சியை மட்டும் குறைந்த புள்ளிகளில் வரையச் செய்யும் அமைப்பு) என்ற தேர்வு இருந்தால் அதையும் குறையுங்கள்; பெரும்பாலான விளையாட்டுகளில் எழுத்துகள் கூர்மையாகவே இருக்க, வேகமும் கூடும். பிள்ளையின் கண்களுக்காக இதை இன்றே செய்துவிடுங்கள்.