மறு: எம்25-இல் வண்டி நின்றால் முக்கோணம் வைக்கலாமா?

லண்டனைச் சுற்றிச் செல்லும் எம்25 மோட்டார்வேயில் (அதிவேகச் சாலை), ஓரப்பாதை (பழுதான வண்டி ஒதுங்கும் ஓரத் தடம்) இல்லாத இடத்தில் வண்டி பழுதாகி நின்றதும், எச்சரிக்கை முக்கோணத்தோடு பின்னால் நடந்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாதுங்க. மற்ற சாலைகளில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் வைப்பது சரி. மோட்டார்வேயில் வைக்கவே கூடாது என்கிறது பிரிட்டனின் சாலை விதிக் கையேடான ஹைவே கோட்.

இடது லேன் என்றால் ஹசார்ட் லைட்டைப் போட்டு, இடப்பக்கக் கதவு வழியாக எல்லோரும் இறங்கி, தடுப்புக்கு அப்பால், வண்டிக்குப் பின்பக்கமாகத் தள்ளி நில்லுங்கள். யாராவது இடித்தால் வண்டி முன்னோக்கித்தான் பாயும்.

நடு லேனில் மாட்டினால் இறங்காதீர்கள். சீட் பெல்ட்டோடு 999 அழையுங்கள். சாலைக்கு மேலேயுள்ள மின்பலகையில் சிவப்பு எக்ஸ் குறி போட்டு லேனை மூடுவார்கள் (அதையும் மீறி வரும் மகானுபாவர்கள் உண்டு!).

சாலையோரம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் அவசர நிறுத்துமிடம் வரை ஓட்ட முடிந்தால் அதுதான் நல்லது. திரும்பக் கிளம்புமுன், கிளம்பப் போவதை அங்குள்ள அவசரப் போனில் சொல்லிவிடுங்கள்.