குறையாத ரிடக்‌ஷன்

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். முதலாண்டில் பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்கள். ஆங்கிலத்தில் நடத்தினால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழில் சொன்னால் புரிகிறது, ஆனால் வினாத்தாளைக் கையில் வாங்கியதும் முழிக்கிறார்கள். எந்த மொழியில்தான் நடத்துவது ஐயா?

– பெயர் வேண்டாம் என்ற விரிவுரையாளர்

பதில்: இரண்டிலும்தான் தம்பி. எலக்ட்ரோகெமிஸ்ட்ரி மாதிரி நீளமான சொற்களைப் பார்த்துப் பயப்படாதீர்கள், புதுசு என்று தெரிவதால் பிள்ளைகளே உருப்போட்டுவிடுவார்கள். தெரிந்த சொல் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும் சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கும்.

ஒருமுறை காப்பர் சல்ஃபேட் கரைசலில் இரும்பாணியைப் போட்டுவிட்டு, "காப்பர் ரிடியூஸ் ஆகுது, பாருங்க" என்றேன். ஒரு பையன் ஆணியை எடுத்து, செந்நிறமாய்ப் படிந்திருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ஏறித்தானே சார் இருக்கு, எங்க குறைஞ்சுச்சு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பள்ளியில் 'ஒடுக்கம்' என்று இதையே படித்து மார்க்கும் வாங்கியவன், ஒடுக்கமும் ரிடக்‌ஷனும் ஒன்றுதான் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான். செம்பு அயனி இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது, அதனால் அதன் மின்சுமை +2-லிருந்து பூஜ்யமாகிறது, குறைவது அந்த எண்தான் என்று தமிழில் சொன்னதும் பிடித்துக்கொண்டான். 1953-லிருந்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற காரைக்குடிச் சீமையில் இதைச் சொல்லாமலே எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்!

அதனால் விஷயத்தைத் தமிழில், அவர்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். நம்மூர் பழைய வீட்டுச் சுவரையே எடுத்துக்கொள்ளுங்களேன். கிளிஞ்சலைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு, தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும், பூசியபின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட்டாகவே இறுகிவிடும். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு நீற்றுவதை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம் அதே மூன்று படியையும் மூன்று ஆங்கில வாக்கியமாக அவர்களையே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுதிப் போடாதீர்கள். சுட்ட சுண்ணாம்புக்கு 'குயிக் லைம்' என்று வரும்போது மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், அந்த 'குயிக்' வேகம் இல்லை, உயிருள்ளது என்கிற பழைய பொருள்.

வினாத்தாளில் முழிப்பதற்கும் பாதிக் காரணம் இந்தச் சின்னச் சொற்கள்தான். 'அக்கவுண்ட் ஃபார்' என்றால் காரணம் சொல் என்று அர்த்தம், செட்டிநாட்டுப் பிள்ளைக்கு அக்கவுண்ட் என்றால் பேரேடுதானே ஞாபகம் வரும்? பழைய வினாத்தாள் நாலைந்து எடுத்து, விடை எழுதாமல் கேள்வியை மட்டும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சிலபஸில் இதற்கு நேரமில்லை என்பார்கள். திங்கட்கிழமை முதல் பீரியடில் பத்து நிமிஷம் திருடிக்கொள்ளுங்கள்.