அந்த பட்டன் எங்கே போச்சு? எடிட்டிங் கேள்வி பதில்

கல்யாண வீடியோவில் மணமக்கள் பெயரைத் தமிழில் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கிறது. முன்பு பாமினி எழுத்துருவை வைத்து ஒப்பேற்றினேன், தலைப்பு எழுதுகிற பழைய டைட்டிலரையும் எடுத்துவிட்டார்கள். அடோபியின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ப்ரீமியர் ப்ரோவில் தமிழ் ஒழுங்காக வரவே வராதா? (வாசகர், கும்பகோணம்)

வரும். ஆனால் அதற்கான ஸ்விட்சை நீங்கள் தேடவே தேடாத இடத்தில் வைத்திருக்கிறார்கள். பிரிஃபரன்ஸஸில் கிராஃபிக்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே டெக்ஸ்ட் எஞ்சின் (எழுத்தைத் திரையில் வரைகிற பகுதி) ஐரோப்பிய, கிழக்காசிய மொழிகளுக்கு என்று இருந்தால், 'சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' என்பதற்கு மாற்றிவிட்டு, புதிதாக ஒரு டெக்ஸ்ட் லேயர் போட்டு அடித்துப் பாருங்கள். பல பதிப்புகளில் இப்படித்தான் சரியாகிறது. எழுத்துரு யூனிகோடாக (எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை) இருக்க வேண்டும், லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி.

காரணம் இதுதான்: யூனிகோடில் 'கெ' என்றால் முதலில் க, அப்புறம்தான் கொம்பு என்று சேமிக்கப்படும், கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அந்த வேலை தெரியாத எஞ்சின் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும். பாமினியில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் அங்கே உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தெரிவது மட்டும் தமிழ் உருவம். அதனால்தான் அந்தக் காலத்து டைட்டிலரில் எல்லாரும் பாமினியிலேயே காலத்தை ஓட்டினார்கள்.

லெகஸி டைட்டிலர் என்ற அந்தப் பழைய டைட்டிலர் 2022 அக்டோபரில் வந்த 23ஆம் பதிப்போடு போய்விட்டது. மாற்றாக வந்த எசென்ஷியல் கிராஃபிக்ஸ் 2017லேயே வந்துவிட்டது, ஆக அவகாசம் தரவில்லை என்று சொல்ல முடியாது. என் கோபம் வேறு இடத்தில். தமிழ், இந்தி, அரபி எழுதுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும்போது, எழுத்து உடைகிற இடத்திலேயே 'மொழிக்கேற்ப எஞ்சினை மாற்றவா?' என்று ஒரு வரி கேட்டிருக்கலாம் இல்லையா? 'கொம்பு உடைகிறது' என்று தேடுகிற மனிதருக்கு 'சவுத் ஏஷியன்' என்ற அமைப்பு எப்படிக் கண்ணில் படும்?

ஆடியோ எடிட்டிங் மென்பொருளான ஆடாசிட்டியில் கிளிப்பை நகர்த்துகிற டைம் ஷிஃப்ட் டூலைக் காணோம். எஃப்5 அழுத்தினாலும் வரவில்லை. (வாசகி, பாளையங்கோட்டை)

2021இல் வந்த 3.1 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு கிளிப்பின் தலையிலும் ஒரு பட்டை இருக்கும், அதைப் பிடித்து இழுத்தால் நகரும், தனியாக டூல் தேவையில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ட்ரிம் ஆகும், அதாவது ஓரம் வெட்டப்படும். ட்ரிம் ஆன பகுதி அழியாது, திரும்ப இழுத்தால் வந்துவிடும். உண்மையைச் சொன்னால் இது பழையதைவிட நல்ல முறை, பழகிய விரலுக்குத்தான் கொஞ்ச நாள் கஷ்டம்.

என் தம்பி அனுப்பிய ஆடாசிட்டி ப்ராஜெக்ட் என் பழைய கணினியில் திறக்கவில்லை. (வாசகர், மன்னார்குடி)

அவர் 3ஆம் பதிப்பு வைத்திருப்பார், நீங்கள் 2. 2021 மார்ச்சில் 3.0 வந்தபோது ப்ராஜெக்ட் கோப்பின் அமைப்பையே மாற்றினார்கள். முன்பு ஒரு சிறு கோப்பும் பக்கத்தில் ஒரு டேட்டா ஃபோல்டருமாக இருந்தது, ஃபோல்டரை விட்டுவிட்டுக் கோப்பை மட்டும் பென்டிரைவில் போட்டு ஆடியோவைத் தொலைத்தவர்கள் ஏராளம். இப்போது எல்லாம் ஒரே கோப்பு. பழையதைப் புதியது திறக்கும், புதியதைப் பழையது திறக்காது. தம்பியிடம் டிராக்குகளைத் தனித்தனி வேவ் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள்.

நான் பார்க்கிற பாடத்தில் இருக்கும் மெனு ஒன்று, என் திரையில் இருப்பது வேறு. மேனுவல் எழுதுகிறவர்கள் மென்பொருளைத் திறந்தே பார்ப்பதில்லையா? (வாசகர், அவினாசி)

பார்த்திருப்பார்கள், மூன்று பதிப்புக்கு முன்னால். மென்பொருளை மாற்றுவதற்கு ஒரு படையே இருக்கும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து விளக்கம் எழுத ஆள் குறைவு. 'என்ன புதிது' பக்கத்தில் வந்ததைப் பற்றிப் பெரிய எழுத்தில் போடுவார்கள், போனதைப் பற்றி எங்கோ ஒரு மூலையில் ஒரு வரி. போனது எங்கே, அதற்குப் பதில் எதை அழுத்துவது என்பதைத்தான் முதல் பத்தியில் எழுத வேண்டும், எவரும் எழுதுவதில்லை. 'பல பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று மொட்டையாக முடிக்கிற வெளியீட்டுக் குறிப்பு அதைவிட மோசம்.

உங்களால் முடிந்தது: ஹெல்ப் மெனுவில் அபவுட் போய்ப் பதிப்பு எண்ணைப் பார்த்து, அந்த எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். வீடியோ பாடம் என்றால் அது எந்த ஆண்டில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

எந்த அப்டேட்டும் போடாமலே இருந்துவிட்டால் என்ன? (வாசகி, புதுச்சேரி)

கொஞ்ச காலம் ஓடும். 2011 ஜூனில் ஆப்பிள் தன் வீடியோ எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை 299.99 டாலருக்கு விட்டபோது அது முந்தைய பதிப்பான ஃபைனல் கட் 7இன் ப்ராஜெக்டுகளைத் திறக்கவில்லை, மல்டிகேம் (பல கேமராக்களின் காட்சிகளை ஒன்றாக வைத்து எடிட் செய்வது) இல்லை, டிராக்குகளும் இல்லை, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிற மேக்னெட்டிக் டைம்லைன்தான். தொழில்முறை எடிட்டர்கள் கொதித்துப் போனார்கள். மல்டிகேம் 2012 ஜனவரியில்தான் திரும்பி வந்தது. பலர் 7ஐவிட்டு நகரவே இல்லை. கடைசியில் 2017இல் வந்த ஆப்பிள் கணினி இயங்குதளமான மேக் ஓஎஸ் ஹை சியராவில் 7 திறக்காமல் போனது, அதோடு அந்தப் பிடிவாதத்துக்கும் முடிவு வந்தது.

ஆகவே போடுங்கள், ஆனால் கையில் ஒரு வேலை பாதியில் இருக்கும்போது போடாதீர்கள், முகூர்த்த சீசனில் தொடவே தொடாதீர்கள். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுட் ஆப்பில் அப்டேட் செய்யும்போது 'பழைய பதிப்புகளை நீக்கு' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிட்டால் இரண்டும் இருக்கும். புதியதில் திறப்பதற்கு முன் ப்ராஜெக்ட் கோப்பை ஒரு காப்பி எடுத்து வையுங்கள், புதியதில் சேவ் செய்ததைப் பழைய ப்ரீமியர் திறக்காது.