மாமனாரின் புத்தகத்துக்குள் ஒரு கொண்டை ஊசி

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் எங்களுடன் வசிக்கும் என் மாமனார், பணி ஓய்வுக்குப் பிறகு பெரும்பாலான நேரத்தைப் படிப்பதிலேயே செலவிடுகிறார். படிப்பை நிறுத்தும்போது கைக்கு எது அகப்படுகிறதோ அதையே பக்கங்களுக்கிடையில் வைத்துவிடுகிறார். பேரங்காடி ரசீது, 4டி பரிசுக் குலுக்கல் சீட்டு, என் கொண்டை ஊசி, தமிழ் முரசு நாளிதழிலிருந்து வெட்டிய துண்டு, ஒருமுறை வெற்றிலைகூட இருந்தது. பக்க அடையாளமாக வைக்க நான் ஆசையாக வாங்கித் தந்த தோல் அட்டையை அவர் தொடவே இல்லை. என் புத்தகங்களும் நூலகப் புத்தகங்களும் பாழாகின்றன. இப்போது என் மகளும் தாத்தாவைப் பார்த்து அதையே செய்கிறாள். அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமனார் பக்கத்தின் மூலையை மடிப்பவர் அல்லர், புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைப்பவரும் அல்லர் என்பது உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மடித்த மூலையில் தாளின் இழைகள் முறிந்து நாளடைவில் அது உதிர்ந்துவிடும். கவிழ்த்து வைத்தாலோ பசையால் மட்டுமே ஒட்டப்பட்ட நம் தமிழ்ப் புத்தகங்களின் முதுகு விரைவில் விரிந்துவிடும். அவர் செய்வது இவ்விரண்டையும்விட மேலானது. ஆகவே பழக்கத்தையே குறைசொல்லாமல், அவர் வைக்கும் பொருள்களில் எது கெடுதல் செய்கிறது, எது செய்வதில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது கொண்டை ஊசிதான். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல் இருப்பதால், மேற்பூச்சு தேய்ந்த இரும்புப் பொருள் எதுவாயினும் விரைவில் துருப்பிடிக்கும். அந்தத் துரு தாளில் இறங்கிவிட்டால் பிறகு போகாது. காகிதக் கவ்விகளுக்கும் குண்டூசிகளுக்கும் இதுவே பொருந்தும். வெற்றிலை உள்ளே இருக்கும் நீரைத் தாளுக்குக் கொடுத்துப் பூஞ்சைக்கு இடமளிக்கிறது. மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடுமென்று காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர் என்பதால், இலையை வைப்பதில் அவருக்குத் தவறு எதுவும் தோன்றியிருக்காது. இலைதான் வேண்டுமென்றால் நன்கு உலர்ந்த அரசிலையை, இருபுறமும் மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து அவர் பயன்படுத்தலாம்.

செய்தித்தாள் துண்டு பலரும் சந்தேகிக்காத பகைவன். செய்தித்தாளுக்கான காகிதம் பெரும்பாலும் மரத்தை அரைத்த கூழிலிருந்து செய்யப்படுகிறது. அதில் தங்கிவிடும் லிக்னின் என்ற பொருள் காற்றும் ஒளியும் பட்டுச் சிதையும்போது துண்டு பழுப்பாகிறது. அதில் உண்டாகும் அமிலம், துண்டு தொட்டுக்கொண்டிருக்கும் இரு பக்கங்களிலும் அதே அளவில் ஒரு பழுப்புச் சதுரத்தைப் பதித்துவிடுகிறது. ஒரு வாரம் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் படித்து முடித்த புத்தகத்தோடு அது அலமாரிக்குப் போய்விடுவதுதான் வழக்கம். அவர் வெட்டி வைத்தது கவிதையோ இரங்கல் குறிப்போ எதுவானாலும் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நகலெடுத்து நகலைப் புத்தகத்திலும், மூலத்தைத் தனி உறையிலும் வைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

ரசீதும் 4டி சீட்டும் வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் பூச்சுத் தாளில் அச்சாகின்றன. இவை புத்தகத்துக்குச் செய்யும் கெடுதலைவிடத் தமக்கே செய்துகொள்ளும் கெடுதல் அதிகம், ஏனெனில் எழுத்து நாளடைவில் மங்கி மறைந்துவிடும். பரிசு விழுந்த சீட்டென்றால் குலுக்கல் நாளிலிருந்து 180 நாள்களுக்குள் பணத்தைப் பெற்றாக வேண்டும் என்பதை அவருக்கு நினைவூட்டினால், அந்த ஒரு பொருளாவது தானாகவே பணப்பைக்கு இடம்மாறிவிடும்.

இனி, நீங்கள் சற்று வருத்தப்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் தந்த தோல் அட்டையும் குற்றமற்றதன்று. சாயமேற்றிய தோல் இந்தப் புழுக்கத்தில் தாளில் நிறத்தை விடக்கூடும். தடிமனாக இருந்தால் புத்தகத்தின் முதுகையும் நெம்பும். அவர் அதைத் தொடாததற்கு இவை காரணமாக இருக்க வாய்ப்பில்லை. அழகான பொருளை எடுத்துப் புழங்கக் கை கூசியிருக்கும், அவ்வளவே. ஒட்டி உரிக்கும் ஒட்டுச்சீட்டு (போஸ்ட்-இட்) நல்லதல்லவா என்று கேட்பீர்கள். அது பரவியதற்கே பக்க அடையாளம்தான் காரணம். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்ட வலுக்குறைந்த பசைக்குப் பல ஆண்டுகள் சரியான பயன் கிடைக்கவில்லை. தேவாலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து துண்டுச் சீட்டுகள் விழுந்துகொண்டே இருந்ததால் சலித்துப்போன அவருடைய சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை, 1974இல் அந்தப் பசையை நினைத்துக்கொண்டார். 1980இல் அது அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. இருப்பினும் நெடுநாள் இருந்தால் அதன் பசை தாளில் தங்கி அழுக்கைப் பிடிக்கும். பழைய தாளென்றால் உரிக்கும்போது எழுத்தையும் சேர்த்துப் பெயர்க்கும். ஆகவே நூலகப் புத்தகத்துக்கும் பழம்பதிப்புகளுக்கும் அது வேண்டாம்.

உங்கள் மாமனாருக்குத் தேவைப்படுவது அறிவுரையன்று, கையெட்டும் தூரத்தில் ஒரு கெடுதலற்ற பொருள். ஓவியம் வரையும் வெள்ளைத் தாளை இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, அவர் அமரும் நாற்காலிக்கு அருகில் ஒரு குவளையில் நிறைய வைத்துவிடுங்கள். நறுக்கும் வேலையை மகளிடம் ஒப்படைத்தால் அவள் பழக்கமும் சேர்ந்து மாறும். மெழுகு வண்ணமும் மினுமினுப்புப் பொடியும் தாளில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், படம் வரைய விரும்பினால் அவள் பென்சிலோடு நிறுத்திக்கொள்ளட்டும். பேச வேண்டியிருந்தால் மகள் இல்லாத நேரத்தில், “மாமா, நூலகப் புத்தகத்திலும் என் புத்தகத்திலும் மட்டும் இந்தச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்” என்று கேளுங்கள். அவர் சொந்தப் புத்தகங்களில் அவர் விருப்பப்படி இருக்கட்டும். அங்கே நமக்குச் சொல்ல எதுவும் இல்லை. அவற்றில் 2002இல் பேருந்து, ரயில் பயணத்துக்கான ஈசி-லிங்க் அட்டை வருவதற்கு முந்தைய காந்தப் பட்டைப் பயண அட்டை ஏதேனும் கிடந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். மெல்லியது, துருப்பிடிக்காதது, அவர் அந்தப் பக்கத்தை எந்தக் காலத்தில் படித்தார் என்பதையும் சொல்லும்.

ஏற்கெனவே துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட ஊசியை இழுத்து எடுக்காதீர்கள். இருபுறமும் மெல்லிய, வழவழப்பான பிளாஸ்டிக் தாளை ஊசிக்கும் பக்கத்துக்கும் இடையில் செருகி, ஊசியின் கால்களை மெதுவாக அகற்றி வெளியே எடுங்கள். மிஞ்சும் கறையை அழிப்பானால் தேய்க்கவோ வெளுப்பு நீரால் துடைக்கவோ வேண்டாம்; தாள் இற்றுவிடும். அது நூலகப் புத்தகமாக இருந்தால், திருப்பித் தரும் இயந்திரத்தில் போட்டுவிட்டு வராமல் ஊழியரிடம் காட்டி ஒப்படைத்துவிடுங்கள்.