27 வீடுகள், ஒரு பலகை

அன்புள்ள ஐயா,

பழைய சீனத்தின் சின் வம்சத்து ஆட்சிமுறை பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். கி.மு. 221இல் நாடு 36 மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது என்று சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியிருக்கிறார். பட்டியலில் இல்லாத டோங்டிங் மாகாணம் லியே கிணற்றில் கிடைத்த எழுத்துப் பலகைகளில் மட்டும் எப்படி வந்தது? அவர் தப்பாக எழுதிவிட்டாரா? இந்தப் பிரிவுகளைக் குறிக்கும் ‘ஜுன்’ என்ற சீனச் சொல்லை மாகாணம் என்பதா, மாவட்டம் என்பதா? கடைசியாக ஒரு வருத்தம்: புத்தகங்களை எரித்த ஒரு கொடுங்கோல் அரசின் குமாஸ்தாத்தனத்தை ஏன் இவ்வளவு ரசிக்கிறீர்கள்?

ம.

அன்புள்ள ம.,

உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் கடைசி வரிதான். ஒரு வாரமாக அதே பலகைகளோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் இரண்டையும் முடித்துவிடுகிறேன். சிமா சியென் அந்த இடத்தில் பட்டியலே தரவில்லை. 36 என்று எண்ணைச் சொன்னார், ஒவ்வொன்றுக்கும் ஆளுநர், படைத்தலைவர், கண்காணிப்பாளர் வைக்கப்பட்டதைச் சொன்னார், நகர்ந்துவிட்டார். பெயர்களை நிரப்பியவர்கள் பல நூற்றாண்டு கழித்து வந்த உரைகாரர்கள். அவர்கள் விட்டதற்கு இவரைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்? மூலத்தை ஒருதரம் புரட்டிவிட்டுக் கேட்டிருக்கலாம். ‘ஜுன்’னை மாகாணம் என்றே சொல்லுங்கள், குடி முழுகிவிடாது.

சரி, குமாஸ்தாத்தனத்துக்கு வருகிறேன்.

2002இல் ஹூனானின் லியேயில், பதினான்கு மீட்டர் ஆழமுள்ள ஒரு பழைய கிணற்றிலிருந்து 36,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் வெளியே வந்தன. பெரும்பாலும் மரம், கொஞ்சம் மூங்கில். டோங்டிங்கின் கீழிருந்த சியென்லிங் வட்டத்து அலுவலகம் கழித்துப் போட்ட தாள்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கி.மு. 215ஆம் ஆண்டுப் பலகை ஒன்று. சீலிங் என்ற பிர்க்காவின் அதிகாரி வட்டத்துக்கு எழுதுகிறார்: ஒரு கிராமத்தில் தலைவர் வேலையும் தபால்காரர் வேலையும் காலி, செங் என்பவரைத் தலைவராகவும் இன்னொருவரைத் தபால்காரராகவும் போட்டிருக்கிறேன், உத்தரவு வேண்டும். ‘துணிந்து சொல்லிக்கொள்கிறேன்’ என்று ஆரம்பித்து அதையே சொல்லி முடிக்கிறார்.

மூன்றாம் நாள் வட்டத்துத் துணை அதிகாரி சாங் அதைத் திருப்புகிறார். பதிலின் நகல் அதே பலகையின் பின்பக்கத்தில் இருக்கிறது. ‘27 வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு தலைவர் இருக்கிறார். இப்போது செங்கையும் தலைவராக்குகிறாய். இது எந்தச் சட்டப்படி?’ அப்புறம், இரண்டு பேரையும் தபால்காரர்களாக நியமித்தாகிவிட்டது, சட்டப்படி நடந்துகொள் என்று ஒரு வரி.

நானும் பதினொரு வருஷம் ஓர் அலுவலகத்தில் ‘எந்த விதியின் கீழ்?’ என்று எழுதிக் கோப்பைத் திருப்பியவன். எழுதும்போது உள்ளுக்குள் ஒரு குரூர சந்தோஷம் இருக்கும், மறைக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். சின் படை அந்த மலைக்காட்டைப் பிடித்து ஏழே வருஷம்தான் ஆகியிருந்தது. தலைநகரிலிருந்து எத்தனையோ மலை தாண்டிய மூலையில், தன் இஷ்டத்துக்கு ஒரு கிராமத் தலைவரைக்கூடப் போட முடியாமல் ஓர் அதிகாரி திணறுகிறார். இன்னொரு தலைவர் என்றால் அந்த 27 அடுப்புகளுக்கும் மேல் அதிகாரமுள்ள இன்னொரு கை. அந்தக் கையைச் சாங் தட்டிவிடுகிறார். நான் ரசிப்பது இதைத்தான். பேரரசு என்றதும் சுடுமண் சிப்பாய்களையும் பெருஞ்சுவரையும் மட்டும் பார்க்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. மாகாண வரலாறு இந்த மாதிரித் திருப்பி அனுப்பிய கடிதங்களில்தான் இருக்கிறது.

இதைக் கருணை என்று எடுத்துக்கொண்டு நாளைக்கே எனக்கு இன்னொரு கடிதம் போடாதீர்கள். கி.மு. 220இல் டோங்டிங் ஆளுநர் லீ, ஆயுதங்களைக் கொண்டுபோகும் வேலைக்கு ஓர் உத்தரவு போடுகிறார்: இது உழவுக்காலம், குடிகளைக் கூப்பிடாதே. படிக்க இதமாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் சுமப்பது யார்? தண்டனைக் கைதிகள், அரசு அடிமைகள், கடனுக்கு உழைத்துக் கழிப்பவர்கள். அவர்களை முதலில் வேலைக்கு அனுப்பு என்கிறது உத்தரவு.

நீங்கள் சொன்ன கொடுமையும் அதே கிணற்றில் இருக்கிறது. யாங்லிங் ஊரைச் சேர்ந்த ஒருவன் டோங்டிங்குக்குக் காவற்பணிக்கு வந்தவன். பெயர் வூசு. ‘சாகாதே’ என்று அர்த்தம். பிள்ளை தங்காத வீடுகளில் பிச்சை, குப்பன் என்று வைப்பார்களே, அப்படி ஒரு தாய் வைத்த பெயராக இருக்கலாம். அவனுடைய அபராதப் பாக்கி 8,064 காசு. கி.மு. 214இல் அவன் ஊர் அதிகாரி எழுதுகிறார்: வீட்டை மதிப்பிட்டோம், ஏழைக் குடும்பம், கட்ட வழியில்லை, ஆள் டோங்டிங்கில் எந்த வட்டத்தில் இருக்கிறான் என்று தெரியவில்லை. பதில் வரவில்லை. அடுத்த வருஷம், எங்கள் அலுவலக பாஷையில் சொன்னால், நினைவூட்டு போகிறது. நீங்கள் சொன்ன புத்தக எரிப்புக்கு ஆணை பிறந்ததும் அதே கி.மு. 213தான். 212இல் டோங்டிங்கின் பொறுப்புப் படைத்தலைவர் விவகாரத்தைச் சியென்லிங்குக்குத் தள்ளிவிடுகிறார். அவனைப் போலவே தேடப்பட்டவர்களின் பலகைகள் மொத்தம் பன்னிரண்டு.

27 வீடுகளுக்காகச் சட்டம் கேட்ட அதே அலுவலகம்தான் இந்த ஏழையையும் மூன்றாவது வருஷம் தேடியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளி எறிய எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த 27 வீட்டுப் பலகையின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு இருக்கிறது: காலைச் சாப்பாட்டு வேளையில் அடிமைப்பெண் ரான் கொண்டுவந்தாள். மறுநாள் உச்சிப்பொழுதில் பதிலைக் கொண்டுபோனவன் குவாய்.